ஒரு பாட்டில் மருந்து, இரண்டு முயல்கள்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கால்நடை மருந்தகத்தில் போன மாதம் செல்லப் பிராணிகளுக்கென்று ஒரு தனி அறை திறந்தார்கள். நாய், பூனை, முயல், கிளி எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்களாம். மாடும் ஆடும் நிற்கிற வரிசையில் அவை இனிமேல் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. இப்போது அங்கே இருக்கிற பெண் டாக்டர் போன் செய்து, "இத்தன வருஷம் இங்கியே கம்பவுண்டரா இருந்திருக்கீங்க, வந்து ரெண்டு வார்த்த பேசுங்கம்மா" என்று கூப்பிட்டார். போனேன். தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போன காலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள், காபி கொடுத்தார்கள். முயலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அங்கே சொல்லவேண்டியது அது ஒன்றுதான் என்று தெரிந்தேதான் சொல்லாமல் வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்ததும் கால்நடை உதவியாளர் பயிற்சி. மாட்டின் மூக்கை எப்படிப் பிடிப்பது, எந்த இடத்தில் நின்றால் உதை விழாது, தெர்மாமீட்டரை எவ்வளவு நேரம் வைப்பது, இதெல்லாம் ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிட்டது. முதல் மூன்று வருடம் பாகூர் பக்கம் ஏரிப் பாசன ஊர்களில் இருந்தேன். பிறகு வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு கிராமத்து மருந்தகத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். ஊருக்கெல்லாம் நான் கஸ்தூரியக்கா.

அந்த டாக்டர்களில் வரதராஜன் சார் மட்டும்தான் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறார். உயரமான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எந்த ஜீவன் வந்தாலும் அதைத் தொடுவதற்கு முன் கையைக் கட்டிக்கொண்டு நின்று மூன்று கேள்வி கேட்பார். கடைசியாக என்ன தின்றது? கடைசியாக எப்போது சாணி போட்டது? என்னிடம் வருவதற்கு முன்னால் யார், என்ன மருந்து கொடுத்தார்கள்? மூன்றுக்கும் பதில் வராமல் மாட்டின் மேல் கை வைக்க மாட்டார். மூன்றாவது கேள்விக்குத்தான் எல்லோரும் மழுப்புவார்கள். அவர் அதே குரலில் திரும்பத் திரும்பக் கேட்பார். கேட்டு வாங்கிய பதிலை ரிஜிஸ்டரில் தன் கையாலேயே எழுதுவார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பிழைக்காது என்றால் பிழைக்காது என்று சொல்லிவிடுவார். திருவாண்டார்கோயில் தாண்டி ஒரு கரும்பு விவசாயி வீட்டுக்குப் போயிருந்தோம். மகள் கல்யாணத்தில் மிச்சமான சோற்றை இரண்டு அன்னக்கூடை நிறைய பசுவுக்கு வைத்துவிட்டார்கள். வயிறு உப்பி, கண் உள்ளே போய், படுத்துக் கிடந்தது. சார் மூன்று கேள்வியையும் கேட்டார். குழாய் விட்டு வயிற்றைக் கழுவ ஆரம்பித்துக்கொண்டே சொன்னார்.

"நான் செய்யறத செய்யறேன். ஆனா இது எழுந்துக்காது பெரியவரே. சாயந்தரத்துக்குள்ள போயிடும்."

"இன்னா டாக்டர், கல்யாண வூட்ல வந்து இப்படிப் பேசறீங்க?"

"சோறு வெச்சதாலதான் இப்படி ஆச்சு. அதையும் சொல்லிடறேன்."

அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பசு சாகும் வரை சார் அங்கேயே நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே சார் என்றேன்.

"கொட்டாயில இன்னும் ரெண்டு மாடு நிக்குது, பாத்தியா கஸ்தூரி? அடுத்த கல்யாணத்துல மிச்சமாவற சோறு அதுங்களுக்குத்தான் போவும்" என்றார்.

அப்போது தலையை ஆட்டினேன். எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நடந்தது ஒரு மழைக்காலத்தில். கோமாரி தடுப்பூசி முகாம் என்று சார் மூன்று நாள் ஊர் ஊராகப் போய்விட்டார். சின்னச் சின்ன விஷயத்துக்கு நானே மருந்து கொடுக்கலாம், சந்தேகம் வந்தால் போன் செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. சார் இல்லாத நாட்களில் என்னை யாரும் அக்கா என்று கூப்பிட மாட்டார்கள், டாக்டரம்மா என்பார்கள். நான் திருத்தியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் நாள் காலை, மாடு ஆடுகளுக்கு நடுவில் ஒருவர் காய்கறிக் கூடையோடு நின்றார். கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். பெயர் அந்தோணி. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். வீடு அரியூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். கூடையில் பழைய புடவைத் துணி, அதற்குள் வெள்ளையாக ஒரு முயல்.

"முயலுக்கு ஊசியா? நாங்க அதுக்கு மொளகு மசாலாதான் போடுவோம்" என்று வரிசையில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தோணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பேரு பூந்திங்க. மூணு நாளா தும்முது. என் வூட்டுக்காரி சொல்லி அனுப்பிச்சா, முன்னங்கால் ரெண்டும் உள்பக்கம் ஈரமா இருக்குதாம். மூக்க தொடச்சிக்கினே இருக்குதுன்னு அர்த்தமாம். அப்புறம், தெனம் எரநூறு புழுக்கைக்கு மேல போடும், நேத்து நூத்திப்பத்துதான் போட்டுதாம்."

"உன் பொண்டாட்டிக்கு வேற வேல இல்லியா, புழுக்கய எண்ணிக்கினு இருக்கா?" என்றேன்.

வரிசையில் மறுபடியும் சிரிப்பு. இந்த முறை நான் கிளப்பிய சிரிப்பு. மூன்று கேள்விகளில் இரண்டுக்கு அந்தப் பெண் கேட்காமலேயே பதில் அனுப்பியிருந்தாள். எங்கள் மருந்தகத்துக்கு அப்படி ஒரு விவரத்தோடு அதுவரை யாரும் வந்ததில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கைக்கெட்டும் தூரத்தில் அலமாரி. அதில் சிறு பிராணிகளுக்கான மருத்துவப் புத்தகம் இருந்தது. முயலுக்கென்று அதில் தனிப் பக்கங்கள் இருப்பதும் தெரியும். எடுக்கவில்லை. போனும் செய்யவில்லை. சளி பிடித்த நாய்க்குட்டிகளுக்குக் கொடுக்கிற அமாக்ஸிசிலின் சிரப்பை எடுத்தேன். பொடியாக இருக்கும். ஆறவைத்த வெந்நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கினேன். எடை போட்டு, நாய்க்குட்டி கணக்கில் அளவு சொல்லி, சொட்டு மருந்துக் குழாயையும் கொடுத்தேன். "காலைல ஒரு வேள, சாயந்தரம் ஒரு வேள. அஞ்சு நாளு. சரியாப் போயிடும்."

அந்தோணி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான்காம் நாள் சார் முகாமிலிருந்து திரும்பியிருந்தார். ஒன்பது மணி இருக்கும், அந்தோணி கூடையோடு ஓடி வந்தார். இந்த முறை வரிசையில் நிற்கவில்லை. மாட்டுக்காரர்களும் வழி விட்டார்கள்.

பூந்தி கூடைக்குள் முதுகை வளைத்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. பல்லைக் கடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. பின்பக்கம் முழுக்க தண்ணீராகக் கழிந்து ரோமத்தில் ஒட்டியிருந்தது. வயிறு புடைத்து நின்றது.

சார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "கடைசியா இன்னா தின்னுச்சு?"

"நேத்து காலைல கொஞ்சம் புல்லு. அதுக்கப்புறம் ஒண்ணும் தொடல."

"புழுக்கை?"

"முந்தாநாள் சாயந்தரத்துலேர்ந்து இப்படித் தண்ணியாத்தான் போவுது."

"வேற யாராவது மருந்து குடுத்தாங்களா?"

"வேற யாரும் இல்லீங்க. இந்த அம்மா குடுத்த சிரப்புதான். ஒரு வேள தவறாம குடுத்தோம்."

சார் என்னைப் பார்க்கவில்லை. "இன்னா சிரப்பு கஸ்தூரி?" என்றார். சொன்னேன். அவர் கை முயலின் காதைத் தொட்டது.

அதன் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. தெர்மாமீட்டர் வைத்தார், தொண்ணூற்றேழு. முயலுக்கு நூற்றொன்றுக்குக் குறையக் கூடாது. ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றின் ஒரு பக்கம் வைத்து இரண்டு நிமிடம் கேட்டார், மறு பக்கம் இரண்டு நிமிடம். குடல் வேலை செய்கிற சத்தம் எந்தப் பக்கமும் இல்லை. காலி சலைன் பாட்டில்களில் வெந்நீர் பிடித்துத் துணி சுற்றி இரண்டு பக்கமும் அணைத்து வைக்கச் சொன்னார். இன்னொரு சலைன் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கி, தன் மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, பிடரித் தோலைத் தூக்கி உள்ளே ஏற்றினார். தோலுக்கு அடியில் அது ஒரு திமில் மாதிரி புடைத்து நின்றது. வலிக்கு ஒரு ஊசி, குழந்தைகளுக்குக் கொடுக்கிற வாயு சொட்டு மருந்து கொஞ்சம். பிறகு மருத்துவக் கல்லூரியில் இருக்கிற தன்னுடன் படித்த ஒருவருக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது கேட்டது. "வாய் வழியாத்தான். மூணு நாள் முழுசா. ஆமா, எங்க டிஸ்பென்சரிலதான்."

போனை வைத்துவிட்டு அந்தோணியிடம் சொன்னார். "டவுனுக்குத் தூக்கிட்டுப் போனா வழியிலேயே போயிடும். இங்க இருக்கட்டும். ஆனா பொழைக்கறது கஷ்டம்பா. வூட்ல அவங்க பாக்கணும்னா வரச் சொல்லு."

அந்தோணி வெளியே போய் மனைவிக்குப் போன் செய்தார். சார் என்னை மருந்து அறைக்குள் கூப்பிட்டார். அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தைத் தேடி, என் பக்கம் திருப்பி வைத்தார். பென்சிலின் வகை எதையும் முயலுக்கு வாயில் கொடுக்கக் கூடாது என்று கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. அமாக்ஸிசிலினும் அந்த வகைதான். குடலில் இருக்கிற நல்ல கிருமி செத்து, விஷக் கிருமி பெருகிவிடும். படிக்கத் தெரிந்த யாருக்கும் புரிகிற மாதிரி நான்கு வரி.

"தெரியாம பண்ணிட்டேன் சார்."

"தெரியும். கேக்காம பண்ணிட்ட. குடுக்கலாம்னு உன்கிட்ட விட்டது நான், அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அவங்ககிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா உன்ன காட்டிக் குடுத்த மாதிரி ஆவும். நீயே சொல்லு. மிச்ச மருந்து வூட்ல இருக்கும், அதத் திரும்ப வாங்கிடு."

அதற்குள் ஒரு ஆள் பைக்கில் வந்துவிட்டான். கன்று குறுக்கே திரும்பிக்கொண்டதாம், மாடு இரண்டு மணி நேரமாக முக்குகிறதாம். சார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "சொல்லிடு" என்று இன்னொரு தரம் சொன்னார்.

அந்தோணியின் மனைவி ஜெசிந்தா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அப்போதுதான் அவளை முதல்முறை பார்க்கிறேன். முப்பது வயது இருக்கும். சின்ன வயதில் போலியோ வந்த கால், இரும்புப் பட்டை கட்டியிருந்தாள். வீட்டிலேயே தையல் வேலை. நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருக்கிறவள், மெஷினுக்கு அடியிலேயே இரண்டு முயல் வளர்த்தாள். பூந்தி ஒன்று, லட்டு ஒன்று. ஊசி ஓடுகிற சத்தம் நின்றால் இரண்டும் அவள் பாதத்தில் வந்து உட்காருமாம். இதெல்லாம் அந்தோணி எனக்குச் சொன்னது. பெஞ்சில் உட்கார்ந்து, வெந்நீர் பாட்டிலோடு சேர்த்து முயலை மடியில் வாங்கிக்கொண்டாள்.

தலையைத் தூக்காமலே பேசினாள்.

"நாந்தான்க்கா இதுக்குக் காரணம். முந்தாநாள் மழையில நனைஞ்ச பொன்னாங்கண்ணிய உதறிட்டு அப்படியே போட்டுட்டேன். காய வெக்காம போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஒரு ப்ளவுஸ் அவசரம்னு உக்காந்திருந்தாங்க, அந்த அவசரத்துல போட்டுட்டேன். இவுரும் சொன்னாரு, ஈரமா இருக்குதேன்னு."

இப்போது சொல்லவேண்டும். வாயைத் திறந்தேன். என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போன அந்தோணி பக்கத்திலேயே நின்றார். வாசலில் நாலைந்து மாட்டுக்காரர்கள் நின்றார்கள்.

"ஈரக் கீர வயித்துக்கு ஆவாதுதான்" என்றேன்.

இதை நான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை, சும்மா இருந்திருக்கலாம். சொன்னேன்.

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். "உங்க மேல குறை இல்லக்கா. நீங்க குடுத்த மருந்துல தும்மல் நின்னுடுச்சி."

பன்னிரண்டு மணிக்கு முன்னால் பூந்தி கத்தியது. முயலுக்குக் குரல் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். அத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. குழந்தை கத்துகிற மாதிரி, ஆனால் மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பாக. வெளியே கட்டியிருந்த மாடுகள் தலையைத் திருப்பின. இரண்டு முறை கத்தி, பின்னங்காலை நீட்டி உதைத்து, அவள் மடியிலேயே அடங்கிவிட்டது. ஜெசிந்தா அதன் காதுகளை இரண்டு விரலால் முதுகோடு சேர்த்துப் படியவைத்தாள். அந்தோணி கூடையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மிச்ச மருந்தைக் கீழே ஊற்றிவிடுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். காரணம் சொல்லாமலே சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பாள் என்று பயந்தேன். அவள் கேட்கிறவள்.

மறுநாள் காலை சார் வந்ததும் முதல் வேலையாகக் கேட்டார். "சொன்னியா?"

"சொல்லிட்டேன் சார்."

"பாட்டில்?"

"கீழ ஊத்திட்டாங்களாம் சார்."

"இன்னா சொன்னாங்க?"

"அழுதாங்க சார்."

கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. அவள் அழுததை ஆட்டோ திரும்பும்போது பார்த்தேன். சார் ரிஜிஸ்டரை என்னிடம் தள்ளினார். "நீயே எழுது." சாவுக்குக் காரணம் என்கிற கட்டத்தில், மருந்தகத்தில் தவறாகக் கொடுத்த மருந்து என்று எழுதினேன். இத்தோடு போயிற்று என்று ஒரு நிம்மதி கூட வந்தது.

ஒன்பது நாள் கழித்து அந்தோணி வந்தார். அதே கூடை, அதே புடவைத் துணி. உள்ளே சாம்பல் நிறத்தில் லட்டு. இன்னொரு கையில் பாட்டில்.

சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் இரண்டு கேள்வியைக் கேட்டார். மூன்றாவதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தோணி பாட்டிலை மேசையில் வைத்தார்.

"இதுக்கும் தும்மல் வந்துச்சி டாக்டர். ஜெசிந்தா ரெண்டு நாளா இதையே குடுத்தா. அதுக்கு நின்ன மாதிரி இதுக்கும் நின்னுடும்னு. ஈரக் கீர எதுவும் கண்ணுலயே காட்டல. ஆனா நேத்து சாயந்தரத்துலேர்ந்து இதுவும் திங்க மாட்டேங்குது."

சார் பாட்டிலை எடுத்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"உக்காருப்பா" என்று அந்தோணிக்கு நாற்காலியை நகர்த்தினார். முயலை எடுத்து மேசையில் வைத்து ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டே, "இப்ப சொல்லு கஸ்தூரி" என்றார்.

சொன்னேன். எல்லோர் முன்னாலும்தான். எந்த மருந்து, எப்படித் தப்பு, எப்போது எனக்குத் தெரியும், ஈரக் கீரையால் இல்லை, எல்லாவற்றையும். அந்தோணி மேசையில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"கீரக்காரம்மா தெருவுல வந்தா அவ கதவ சாத்திக்கிறாம்மா. ஒம்பது நாளா சரியா சோறு திங்கல. நானும் சும்மா இல்லாம, ஈரமா இருக்குதுன்னு அன்னிக்கே சொன்னேனேன்னு ரெண்டு தடவ சொல்லிக் காட்டிட்டேன்." பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"இவங்க குடுத்தது தப்பு, குடுக்க விட்டது என் தப்பு. அப்புறம் பேசலாம். இதுக்கு ஆவ வேண்டியதப் பாப்போம்" என்றார் சார்.

லட்டுவுக்குக் குடல் சத்தம் லேசாக இருந்தது. சூடும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. அதே வெந்நீர் பாட்டில், அதே சலைன், அதே வலி ஊசி. கல்லூரி நண்பர் போனில் இன்னொன்றும் சொன்னார். நோயில்லாத முயலின் புதுப் புழுக்கையைக் கரைத்து ஊட்டினால், செத்துப்போன நல்ல கிருமி திரும்ப வர வழி இருக்கிறதாம். பூந்திக்கு வேண்டியிருந்தபோது அது அந்த வீட்டிலேயே, லட்டுவிடம் இருந்தது. இப்போது எங்கே போய்த் தேடுவது? அந்தோணி திருக்கனூருக்கு பைக்கை விரட்டினார். அங்கே கறிக்கு முயல் விற்கிற ஒரு ஆள் உண்டு. கூண்டுக்கு அடியில் காத்திருந்து, டிபன் பாக்ஸில் ஈரம் காயாமல் வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பினார். சார் அதைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய்ப் பக்கமாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டார். நான் முயலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன் நெஞ்சு என் விரலுக்குள் தடதடவென்று அடித்தது. வீட்டுக்கு எடுத்துப்போன இரண்டாம் நாள் ஒரு கொத்து புல்லைத் தின்றது என்று போன் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் செத்துப்போனது. அந்தோணி எனக்குச் சொல்லவில்லை, சாருக்குத்தான் போன் செய்தார்.

சார் ரிஜிஸ்டரைத் திறந்தார். இந்த முறை என்னிடம் தள்ளவில்லை. பூந்திக்கு நான் எழுதிய அதே வரியை லட்டுவுக்கு அவர் எழுதினார். எழுதி மூடிவிட்டு, "இதுக்குக் காரணம் வேற. அத எழுத இதுல கட்டம் இல்ல" என்றார்.

நடந்ததை மேலிடத்துக்கும் அவரே எழுதி அனுப்பினார். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது, அவருக்கும் ஒன்று வந்தது. அவர் மாற்றலாகிப் போகும் வரை இன்னும் இரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். என்னிடம் ஒரு நாளும் கடுமையாகப் பேசியதில்லை. ஆனால் நான் சொல்கிற எதையும் அவர் ஒரு தரம் தானே போய்ப் பார்த்துக்கொள்வார். மருந்துப் பெட்டியைப் பூட்டிவிட்டேன் என்றால், எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

ஜெசிந்தாவைப் பார்க்க நான் போனது ஒரு மாதம் கழித்து. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி, அரியூரில் இறங்கி, உள்ளே நடந்தேன். அந்தோணி வேலைக்குப் போயிருந்தார். கதவு திறந்திருந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். பக்கத்து ஸ்டூலிலிருந்த துணியை எடுத்துவிட்டு, "உக்காருங்க" என்றாள்.

மெஷினுக்கு அடியில் வெறும் சிமெண்ட் தரை. பெருக்கித் துடைத்திருந்தது.

வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னேன். பயந்துவிட்டேன் என்றேன். நீ கீரையைச் சொன்னபோது அதைப் பிடித்துக்கொண்டேன் என்றேன். என்னை மன்னித்துவிடும்மா என்றேன். அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"பூந்திக்கு நீங்க தெரியாம குடுத்தீங்க. அது எனக்குப் புரியுது. நானும் தெரியாமத்தான் லட்டுக்குக் குடுத்தேன்" என்றாள். கையிலிருந்த துணியை ஒரு தரம் நீவிவிட்டாள். "ஆனா குடுத்தது என் கையி. ரெண்டு நாளு, நாலு வேள. வாயத் தொறக்க மாட்டேன்னு அடம் புடிச்சிது. நான் புடிச்சி ஊத்தினேன்."

மெஷின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டா அது பெரிய மனசு, அதோட வுட்டுடுன்னு இவுரு சொல்றாரு. சர்ச்சு சாமியாரும் அதான் சொன்னாரு. நானும் போதும்னு நெனச்சிப் பாத்தேன்." என் முகத்தை நேராகப் பார்த்தாள். "எனக்குப் போதலக்கா."

தெருவில் ஏதோ வண்டி போனது. அவள் பாவாடையைத் திரும்ப மெஷினுக்குள் நுழைத்து, ஊசியை இறக்கினாள்.

"நாலே காலுக்கு ஒரு பஸ்ஸு இருக்குது. இப்பப் போனீங்கன்னா புடிச்சிடலாம்."

எழுந்து வெளியே வந்தேன். நான் தெருமுனை திரும்பும் வரை மெஷின் சத்தம் கேட்கவில்லை. திரும்பிய பிறகு கேட்டது.